எரிந்த பாடசாலையின் எழுத்து: இனோவே யூயிச்சியும் ஜப்பானிய மைக்கலையும்

எழுத்தணிக் கலை என்றதும் நம்மவர்களின் மனதில் முதலில் வந்து நிற்பது அரபு எழுத்துத்தான். பள்ளிவாசல் மிஹ்ராபின் மேலும், வீட்டு நிலைப்படியின் மேலும், பழைய கிதாபுகளின் முதற் பக்கங்களிலும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். உருவம் எதுவும் வரையாமலே ஓர் எழுத்து மனிதனைத் தடுத்து நிறுத்தக்கூடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தை இதே அளவுக்கு உயர்த்தி வைத்த இன்னொரு பெரும் மரபு சீனத்திலும் ஜப்பானிலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மரபு ஒரு பெரிய கேள்வியைச் சந்தித்தது. எழுத்திலிருந்து அதன் பொருளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? வெறும் கோடும் மையும்தானா? அந்தக் கோடும் மையும் மாத்திரமே கலையாக நிற்க முடியுமா?

இக்கேள்வியை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தவர்களில் ஒருவர் இனோவே யூயிச்சி. 1916ஆம் ஆண்டு டோக்கியோவிற் பிறந்து 1985இல் காலமானவர். நவீன ஓவிய வரலாறுகளில் அவருடைய பெயர் அமெரிக்க, ஐரோப்பிய அரூப ஓவியர்களின் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் தொழிலால் ஓவியரல்லர். 1935இல் ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்து 1976இல் ஓய்வு பெறும்வரை, 41 வருடங்கள், அவர் பாடசாலை ஆசிரியராகவே இருந்தார். அவரைப் பற்றி எழுத வேண்டுமென எனக்குத் தோன்றியதற்கு அந்தத் தொழிலும் ஒரு காரணம். மற்றக் காரணம், ஒரே ஓர் எழுத்தைத் தாளில் வைக்க அவர் காத்திருந்த காலம். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கலையின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். ஜப்பானியர் அதனை 'ஷோ' என்பர். 'எழுதுதல்' என்பதே அதன் நேர்ப்பொருள். மை, தூரிகை, தாள், மைக்கல் ஆகிய நான்குமே அதன் உபகரணங்கள். மை புகைக்கரியிலிருந்து செய்யப்படுகிறது. பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் பெறும் கரியை விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாக்கிக் காயவைப்பர். எழுத வேண்டியபோது அதைக் கல்லில் நீர்விட்டு இழைப்பர். நமது அரபு எழுத்தணிக் கலைஞர்களின் மையும் இதற்கு நெருங்கிய உறவே. உஸ்மானியர் காலத்து இஸ்தான்பூலில், சுலைமானியாப் பள்ளிவாசலின் விளக்குகளிலிருந்து எழும் புகைக்கரியைச் சேகரித்து மை செய்தார்கள். இரு மரபுகளுமே எரிந்ததன் மிச்சத்தைக் கொண்டுதான் எழுதின.

வேறுபாடு அளவிலும் நேரத்திலும் உள்ளது. பக்தாதில் வாழ்ந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, கலம் பதிக்கும் சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு அரபு எழுத்துகளுக்கு அளவு வகுத்தார். அலிஃபின் உயரத்தை வைத்து ஏனைய எழுத்துகள் அளக்கப்பட்டன. அரபு எழுத்தணி பொறுமையாக அளந்து முழுமைக்குக் கொண்டுவரப்படும் கலை. ஜப்பானியத் தூரிகையோ மயிராலானது. அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் மெலியும், வேகமாக இழுத்தால் வறண்டு தாளின் வெண்மையைக் காட்டும். எழுதியதன் மேல் மீண்டும் தொட்டுத் திருத்துவது அங்கு குற்றம். கோடு எந்த வரிசையில், எந்த வேகத்தில் போனது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் உலர்ந்த பின்னரும் தாளில் தெரியும். ஆகவே அங்கு எழுத்து என்பது எழுதிய கையின் அசைவையும் சேர்த்தே காட்டுவதாகும்.

இவ்வளவு பழைமையான இக்கலைக்கு நவீன ஜப்பானில் ஓர் அவமானம் காத்திருந்தது. மெய்ஜி காலத்தில் மேற்கத்தேயக் கலைக் கல்வி உள்ளே வந்தபோது, எது கலை, எது கலையல்ல என்று பட்டியல் போட்டார்கள். 1882இல் கொயாமா ஷோதாரோ என்ற எண்ணெய்வண்ண ஓவியர், எழுத்தணி ஒரு கலையே அல்ல என்று கட்டுரை எழுதினார். பேச்சைப் பதிவதற்கான குறிகளே எழுத்து, அதை அழகாக எழுதுவதைக் கலை என்பதா என்பதே அவர் வாதத்தின் சாரம். 'தேநீர் நூல்' எழுதிய ஒககுரா தென்ஷின் அப்போது ஏறத்தாழ இருபது வயது இளைஞர். அவர் அக்கட்டுரைக்கு மறுப்பு எழுதினார். எனினும் கொயாமாவின் வாதம் எளிதில் மறையவில்லை. அரசின் பெரும் கலைக் கண்காட்சியில் எழுத்தணிக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானிய எழுத்தணிக் கலைஞர்கள் நவீன ஓவியத்தின் பக்கம் திரும்பியதற்குப் பின்னால் இந்தப் பழைய காயமும் இருந்தது.

இனோவே ஓவியனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வறிய வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கக்கூடியதாக இருக்கவில்லை. அவர் ஆசிரியர் கலாசாலைக்குப் போனார். 1935இல், பத்தொன்பது வயதில், டோக்கியோவின் கிழக்கே ஹொன்ஜோ பகுதியில் இருந்த யொகொகாவா ஆரம்பப் பாடசாலைக்கு ஆசிரியராக வந்தார். சிறு தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நெருக்கமான மரவீடுகளும் நிறைந்த தொழிலாளர் பகுதி அது. 1941இல் உவேதா சோக்யூ என்ற எழுத்தணி ஆசானிடம் மாணவராகச் சேர்ந்தார். உவேதா, நவீன ஜப்பானிய எழுத்தணியின் தந்தை எனப்படும் ஹிதாய் தென்ராயின் மாணவர். பழைய சீன மூலங்களைக் கடுமையாகப் பயில வேண்டும், ஆனால் அவற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்பது அப்பரம்பரையின் போக்கு.

அதே 1941இல் ஜப்பானின் ஆரம்பப் பாடசாலைகள் யாவும் 'தேசியப் பாடசாலைகள்' எனப் பெயர் மாற்றப்பட்டன. பேரரசுக்கு விசுவாசமான குடிகளை உருவாக்குவதே அவற்றின் பணி. ஆசிரியர்கள் விரும்பியோ விரும்பாமலோ அந்த யந்திரத்தின் உறுப்புகளானார்கள். ஜப்பானிய விமானங்கள் 1938 முதல் சீனாவின் சொங்சிங் நகர் மீது வருடக்கணக்கில் குண்டு வீசின என்பதையும் இங்கு மறக்கலாகாது. டோக்கியோவுக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது இதனை மறைத்துவிட்டுச் சொன்னால் அது வரலாறாகாது.

1944இல் பெருநகரங்களின் சிறுவர்கள் ஆசிரியர்களோடு கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1945 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் டோக்கியோவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் ஆரம்பப் பாடசாலையை முடித்து வெளியேறும் வைபவம் அந்த மாதத்தில் நடைபெறவிருந்தது. மார்ச் 10ஆம் திகதி, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஏறத்தாழ 300 அமெரிக்க பி-29 விமானங்கள் நகரின் கிழக்குப் பகுதி மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. காற்று பலமாக வீசிய இரவு. சுமார் 40 சதுர கிலோமீற்றர் நிலம் எரிந்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அந்த ஓரிரவில் மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது.

இனோவே அந்த இரவில் யொகொகாவாப் பாடசாலையில் இருந்தார். அப்போது அவருக்கு 29 வயது. பாடசாலைக் கட்டடம் காப்பாற்றும் என்று நம்பி, சுற்றுப்புற மக்கள் ஆயிரத்துக்கும் அதிகமானோர் உள்ளே வந்து ஒதுங்கினர். தீ உள்ளேயும் வந்தது. நினைவிழந்து விழுந்த இனோவே பல மணி நேரத்தின் பின்னரே உயிர் மீண்டார். கண் விழித்தபோது அவரைச் சுற்றிலும் பிரேதங்கள். தஞ்சம் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டிருந்தனர். அவரிடம் படித்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் இதைப் பற்றித் தூரிகையால் எதையும் எழுதவில்லை. பாடசாலைக்குப் போனார், பாடம் நடத்தினார், மை இழைத்தார்.

யுத்தம் முடிந்த ஜப்பானில் எழுத்தே குற்றவாளிக் கூண்டில் நின்றது. சீன வரிவடிவங்கள் கடினமானவை, அவற்றைப் பயில்வதிலேயே பிள்ளைகளின் காலம் வீணாகிறது, ரோம எழுத்துக்கு மாறுங்கள் என்று 1946இல் அமெரிக்கக் கல்வித் தூதுக்குழு சிபாரிசு செய்தது. முழுதாக மாறவில்லை. எனினும் அதே ஆண்டில் அன்றாடப் பாவனைக்குரிய வரிவடிவங்கள் 1,850 என்று அரசு வரையறுத்தது. எழுத்தைக் கலையாகக் கொண்டவர்களுக்கு இது காலடி நிலம் அசைந்தது போலிருந்திருக்கும். நாளை மக்கள் வாசிக்காமலே போகக்கூடிய ஓர் எழுத்தை இன்று எதற்காக எழுதுவது?

சிலர் இதற்கு எதிர்பாராத விடையைக் கண்டார்கள். வாசிக்கத் தேவையில்லாமலே எழுதினால் என்ன? ஹிதாய் தென்ராயின் மகன் ஹிதாய் நான்கொகு 1945இல் 'மின்னல்' என்ற பொருள்தரும் பழைய சீன வரிவடிவம் ஒன்றை எடுத்து, வாசிக்க முடியாத கோடுகளாகக் கலைத்து ஒரு படைப்புச் செய்தார். எழுத்தில்லா எழுத்தணியின் தொடக்கம் அதுவே என்பர். 1951இல் உவேதா சோக்யூ அரச கண்காட்சியில் ஒரு படைப்பை வைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு அது 'பொருள், சரக்கு' என்ற அர்த்தமுள்ள வரிவடிவம் போலத் தெரிந்தது. அவர் அதற்கு இட்ட பெயர் 'அன்பு'. தவழ்ந்து வரும் தமது பேரக் குழந்தையைக் கண்டு எழுதியது என்றார். பெரும் சர்ச்சை எழுந்தது. எழுத்து ஒன்று சொல்ல, எழுதியவர் இன்னொன்று சொல்லலாமா?

உவேதாவின் மாணவர்கள் இதிலும் ஒருபடி மேலே போனார்கள். அவர்களில் மூத்தவரான மொரிதா ஷிர்யூ 1951 ஜூன் மாதம் 'பொகுபி' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். 'மையின் அழகு' என்பது அதன் பொருள். முதல் இதழின் அட்டையை அலங்கரித்தது ஒரு ஜப்பானியருடைய எழுத்தன்று. அமெரிக்க ஓவியர் பிரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளை ஓவியம். நியூயோர்க்கில் ஒருவர் வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடுகளைப் பெரிதாக இழுத்துக்கொண்டிருக்கிறார், அது நமது எழுத்தின் உறவு போலத் தெரிகிறதே என்ற வியப்பே அதற்குக் காரணம். ஒரு சிறு சஞ்சிகை என்ன செய்யக்கூடும் என்பதற்கு 'பொகுபி' நல்ல உதாரணம். பெரும் கலைக்கூடங்கள் செய்வதற்கு முன்னமே, கியோட்டோவிலிருந்து வந்த அச்சிதழ் ஒன்று பரீஸ், நியூயோர்க் ஓவியர்களோடு உரையாடல் நடத்தியது.

1952 ஜனவரியில், கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயிலில் ஐவர் கூடினர். மொரிதா ஷிர்யூ, இனோவே யூயிச்சி, எகுச்சி சோகென், செகியா யொஷிமிச்சி, நகமுரா பொகுஷி. கற்களும் சரளையும் மட்டுமே கொண்ட புகழ்பெற்ற தோட்டம் உள்ள கோயில் அது. அங்கே அவர்கள் 'பொகுஜின்காய்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர். 'மை மாந்தர் குழு' என்று தமிழிற் சொல்லலாம். தங்கள் ஆசானின் அமைப்பிலிருந்தும், பரிசும் பதவியும் தரும் கண்காட்சி உலகத்திலிருந்தும் விலகினர். ஆசானைப் பிரிவது ஜப்பானிய எழுத்தணி உலகில் இலேசான காரியமன்று. அங்கு ஆசானின் கையெழுத்தைப் பின்பற்றியே மாணவன் படிப்படியாக மேலே போகிறான். அந்த ஏணியை இவர்கள் தாமாகவே தள்ளிவிட்டார்கள்.

இனோவே எல்லோரிலும் அதிக தூரம் போனார். 1955 அளவில் அவர் மையையும் கைவிட்டார். எனாமல் பெயின்ற்றைத் துடைப்பம் போன்ற தூரிகையில் தோய்த்து, நிலத்தில் விரித்த தாளின் மேல் இழுத்தார். எழுத்து இல்லை. பெயர் இல்லை. கோடு, தெறிப்பு, வேகம் ஆகியவை மட்டுமே. அவற்றின் புகைப்படங்களைப் பார்ப்பவர் அவை நியூயோர்க்கில் வரையப்பட்டவை என்று சொன்னால் நம்பிவிடுவார். எழுத்திலிருந்து பொருளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு அவர் கொடுத்த முழு விடை அது.

அந்த விடையில் அவர் நிற்கவில்லை. 1956இல் மீண்டும் மைக்கு வந்தார், எழுத்துக்கு வந்தார். அந்த ஆண்டில் எழுதியது 'குதெட்சு'. இரண்டு வரிவடிவங்கள். ஒன்று 'மடமை', மற்றது 'ஊடுருவிப் போதல், இறுதிவரை செல்லுதல்'. மடையனாகவே கடைசிவரை போவேன் என்பதாக அதைக் கொள்ளலாம். தடித்த கறுப்புக் கோடுகள் தாளின் ஓரங்களை முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1957இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் நடைபெற்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு அது சென்றது. ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஹேர்பர்ட் ரீட் 1959இல் வெளியிட்ட நவீன ஓவிய வரலாற்று நூலில் அதற்கு இடமளித்தார். 1882இல் கலையல்ல என்று தள்ளப்பட்டது, ஒரு பள்ளி ஆசிரியரின் கையால் உலக ஓவிய வரலாற்றுக்குள் நுழைந்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். மேற்கத்தேய விமர்சகர்கள் 'குதெட்சு'வை ஓர் அரூப ஓவியமாகவே பார்த்தார்கள். அவர்களால் அதை வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததால் அவர்களுக்கு அது வடிவமும் விசையும் மட்டுமே. அவர்கள் பாராட்டிய அதே வேளையில் இனோவே அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். வாசிக்கக்கூடிய ஓர் எழுத்தை, எல்லோருக்கும் தெரிந்த ஓர் எழுத்தை, எழுதியே தீருவது என்பது அவருடைய முடிவாக இருந்தது. அரூப ஓவியத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது துணிச்சலை. தாளின் அளவு, உடல் முழுவதையும் பாவிக்கும் எழுத்து முறை, அழகாக எழுத வேண்டும் என்ற எண்ணத்தை விட்டொழித்தல் ஆகியவை அங்கிருந்து வந்தவை. எழுத்து மட்டும் ஜப்பானிய வீதியிலும் வகுப்பறையிலும் உள்ள எழுத்துத்தான்.

ஏன் திரும்பினார்? எனக்குத் தோன்றுவது இதுதான். பொருளற்ற கோட்டில் எழுதுபவன் மட்டுமே இருக்கிறான். அவனுடைய வேகம், அவனுடைய வேதனை, அவனுடைய விடுதலை. 'மலர்' என்றோ 'எலும்பு' என்றோ 'தாய்' என்றோ ஓர் எழுத்தை எழுதும்போது இன்னொருவரும் அங்கு வந்துவிடுகிறார். அந்தச் சொல்லை அறிந்த ஒவ்வொருவருக்கும் அதில் பங்குண்டு. எழுத்தணி எல்லா மனிதருக்கும் உரிய கலை, ஏனெனில் எல்லோரும் எழுதுகிறார்கள் என்பது இனோவே விடாமல் பற்றி நின்ற கொள்கை. வகுப்பறையில் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் கோணல் எழுத்தைப் பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கொள்கை வருவது இயல்பே. நானும் ஒரு கிராமத்துப் பாடசாலையில் கற்பிப்பவன். அழகாக எழுதும் பிள்ளையின் எழுத்தைக் கொப்பியைத் திருத்தியதும் மறந்துவிடுகிறோம். பென்சிலை அழுத்தித் தாளைக் கிழிக்கும் பிள்ளையின் எழுத்துத்தான் நினைவில் நிற்கிறது.

இதே காலத்தில் அரபு எழுத்தின் உலகிலும் இப்படியான ஓர் அசைவு ஏற்பட்டது என்பது நமக்கு அக்கறைக்குரியது. சூடானிய ஓவியர் இப்ராஹீம் அல்-ஸலாஹி லண்டனில் கலை பயின்று 1957இல் நாடு திரும்பினார். அரபு எழுத்துகளை உடைத்துத் திறந்து, அவற்றின் இடைவெளிகளுக்குள் உருவங்களைக் கண்டார். ஈராக்கிலும் வேறு அரபு நாடுகளிலும் எழுத்தை மூலமாகக் கொண்ட நவீன ஓவியம் 'ஹுரூஃபிய்யா' என்ற பெயரில் பரவியது. ஜப்பானியர் இவர்களிடமிருந்தோ இவர்கள் ஜப்பானியரிடமிருந்தோ எடுத்ததாகச் சொல்வதற்கில்லை. எழுத்தைத் தெய்விகமாகவும் அன்றாடமாகவும் ஒருங்கே கொண்டிருந்த இரு நாகரிகங்கள் நவீன ஓவியத்தைச் சந்தித்தபோது, இரண்டுமே தத்தமது எழுத்தையே கையில் எடுத்தன.

இனோவேயின் வாழ்க்கை வெளிப்பார்வைக்கு மாறவேயில்லை. பிற்காலத்தில் அவர் வாழ்ந்தது டோக்கியோவுக்குத் தெற்கே, கனகாவா மாகாணத்தில். சாவோ பாவுலோவுக்குப் போய்வந்த எழுத்தின் சொந்தக்காரர் காலையில் பாடசாலைக்குப் போனார். பின்னர் அதிபரானார். எழுதும்போது பெரிய தாளை நிலத்தில் விரித்து, இரு கைகளாலும் பிடிக்கவேண்டிய பருத்த தூரிகையை மையில் தோய்த்து, வெறுங்காலோடு தாளின் மேல் நடந்து எழுதினார். கடையில் வாங்கிய மை அவருடைய தேவைக்குப் போதவில்லை. கரித்தூளை ஒட்டுப்பசையோடு கலந்து தானே மை கூட்டினார். அதனால் அவருடைய கறுப்பு தாளின் மேல் தடித்து நிற்கிறது. ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் குவிப்பார். அவற்றுட் சிலதை மட்டும் வைத்துக்கொண்டு மிகுதியை எரித்துவிடுவார்.

அவர் அதிகமாக எழுதிய எழுத்துகளுள் ஒன்று 'ஹின்', அதாவது வறுமை. 1970களில் அதனைப் பல தடவைகள் எழுதினார். ஒரு தாளில் அது கால்களை அகட்டி நிற்கும் மனிதன் போலிருக்கும். இன்னொன்றில் பாரம் சுமந்து நடப்பவன் போலத் தோன்றும். தலையில் கூரையை வைத்துக்கொண்டு அது எங்கோ புறப்பட்டுப் போகிறது. ஜப்பான் செல்வத்தில் மிதக்கத் தொடங்கிய தசாப்தம் அது. புதிய கார்களும் தொலைக்காட்சிகளும் நிறைந்த அந்த நாட்டில் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் 'வறுமை' என்று எழுதிக்கொண்டேயிருந்தார். அதில் புலம்பல் இல்லை. 'ஏழ்மை எனது பெருமை' என்ற நபிமொழியாகப் பலராலும் சொல்லப்படும், ஹதீஸ் அறிஞர்கள் ஆதாரமற்றதெனக் கூறும் அந்த வாசகத்தை நமது சூபிக் கவிஞர்கள் விரும்பியதன் காரணம், இந்த எழுத்தைப் பார்த்தபோது எனக்கு ஓரளவு விளங்கியது.

1976இல் ஓய்வு பெற்றார். இரண்டு வருடங்களின் பின், 1978இல், தமது 62ஆவது வயதில், 'ஆ! யொகொகாவா தேசியப் பாடசாலை' என்ற படைப்பை எழுதினார். யுத்தம் முடிந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன.

அது ஒற்றை எழுத்தன்று. ஒரு பெரிய தாள் நிறைய வரிகள். அந்த இரவில் நடந்ததை வரிசையாகச் சொல்லும் சாட்சியம். விமானங்கள், தீ, பாடசாலைக்குள் ஓடிவந்த ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள், தாயும் பிள்ளையுமாய்க் கிடந்த உடல்கள், மறுநாள் பிரேதங்களை ஏற்ற வந்த லொறிகள், காதைவிட்டு நீங்காத உறவினரின் கதறல். வரிகள் நேராக இல்லை. தொடக்கத்தில் சற்று நிதானம் தெரிகிறது. போகப்போக எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. சில பருத்து, சில சிறுத்து, சில அடித்து நீக்கப்பட்டு, சில இடைவெளியில் பிறகு திணிக்கப்பட்டு, மை சொட்டிய இடங்கள் சொட்டியபடியே கிடக்கின்றன. மாணவன் ஒருவன் இப்படி எழுதிக் கொண்டுவந்தால் எந்த ஆசிரியரும் திரும்ப எழுதச் சொல்வார். 41 வருடங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர் இதனைத் திரும்ப எழுதித் துப்புரவாக்கவில்லை.

சீன எழுத்தணியை அறிந்தவர்களுக்கு இதன் முன்னோடி உடனே நினைவுக்கு வரும். 758ஆம் ஆண்டில், தாங் அரச காலத்தில், யன் சென்சிங் என்ற அமைச்சர் கலகக்காரர்களால் கொல்லப்பட்ட தமது ஒன்றுவிட்ட சகோதரரின் மகனுக்காக ஓர் இரங்கலுரையின் கரட்டுப் பிரதியை எழுதினார். துக்கத்தில் எழுதிய அந்தப் பிரதியில் அடித்தல்களும் மைக்கறைகளும் நிறைந்துள்ளன. செம்பிரதி நிலைக்கவில்லை. கரட்டுப் பிரதியே ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு மேலாக மிக உயர்ந்த எழுத்தணிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டு, இன்று தாய்பேயின் தேசிய அரண்மனை நூதனசாலையில் உள்ளது. யன் சென்சிங்கின் எழுத்தை இனோவே ஆழமாகப் பயின்றவர். எனவே, 1978இல் அவர் செய்தது மரபை உடைத்தலுமன்று, மரபை மீறாமலிருத்தலுமன்று. மரபின் அடியாழத்தில் ஏற்கெனவே இருந்த ஓர் உடைவைத் தேடிப்போய்ச் சேர்ந்தார். எனாமல் பெயின்ற்றில் அவர் கற்ற சுதந்திரமும், பள்ளிப் பருவத்திலிருந்து கற்ற வரிவடிவமும் இந்த ஒரு தாளில்தான் ஒன்றுசேர்ந்தன.

1955இன் எழுத்தில்லாத கோடுகளால் இந்தக் காரியத்தைச் செய்திருக்க முடியுமா? முடியாது என்றே நான் எண்ணுகிறேன். கோடு துயரத்தைக் காட்டும். யாருடைய துயரம், எந்த இடத்தில், எந்தத் திகதியில் என்பதைச் சொல்லாது. இறந்த பிள்ளைகளின் சார்பில் ஓர் ஆசிரியர் சாட்சி சொல்ல வரும்போது பாடசாலையின் பெயர் வேண்டும், திகதி வேண்டும், எண்ணிக்கை வேண்டும். அவை எழுத்தில்தான் கிடைக்கும். மறுபக்கத்தில், 1955இன் அனுபவம் இல்லாமல், ஒழுங்கான பாடசாலை எழுத்தில் இதை எழுதியிருந்தால் அது ஓர் அறிக்கையாகப் போயிருக்கும். அரூபத்தினூடாகப் போய்வந்த கைக்கே அந்த இரவை எழுதும் எழுத்து வாய்த்தது. நவீனமா மரபா என்று நமது இலக்கிய வட்டங்களில் இன்னும் நடக்கும் வாதத்துக்கு இந்தத் தாள் ஒரு நல்ல பதில்.

கடைசி ஆண்டுகளில் நோய் அவரைப் பிடித்தது. பெரிய தூரிகையைத் தூக்கப் பலம் குறைந்தது. அப்போது அவர் பென்சிலையும் கரிக்குச்சியையும் எடுத்தார். மியாசவா கென்ஜியின் சிறுவர் கதைகளைத் தாள் தாளாக எழுதினார். கென்ஜியும் ஓர் ஆசிரியர். விவசாயப் பாடசாலையொன்றில் கற்பித்து 1933இல் இளவயதில் மறைந்தவர். ஒரு வாழ்நாள் முழுதும் ஒற்றை எழுத்தோடு மல்லுக்கட்டியவர், முடிவில் பிள்ளைகளுக்கான கதையை, சிறு எழுத்தில், பள்ளிப்பிள்ளை பாவிக்கும் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். 1985 ஜூன் 15ஆம் திகதி காலமானார். 1989இல் கியோட்டோ தேசிய நவீன கலைக்கூடம் அவருடைய படைப்புகளைப் பெரிய அளவிற் காட்சிப்படுத்தியது. நூற்றாண்டு நிறைவான 2016இல் கனசவா நகரிலும் பெருங்கண்காட்சி நடைபெற்றது.

யுத்தத்தை நேரே கண்ட சமூகங்களில் எழுதுபவர்களைப் பார்த்து, 'ஏன் இன்னும் எழுதவில்லை?' என்று கேட்பது எளிது. அந்தக் கேள்வி நம்மிடையேயும் கேட்கப்படுகிறது. வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டவர்களிடமும், அதே ஆண்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தப்பியவர்களிடமும் அதைக் கேட்கிறோம். இனோவேயின் 33 வருடங்களை அவர்கள் முன் ஒரு சாக்காக வைக்க நான் விரும்பவில்லை. அவர் சும்மா இருந்து காத்திருக்கவில்லை. அந்த இரவைச் சொல்லும் கையைத் தேடி ஒவ்வொரு வழியாகப் போனார். எழுத்தை உடைத்தார், விட்டார், திரும்ப எடுத்தார், ஒரு சொல்லை நூறு தடவை எழுதி எரித்தார். பிற்பாடுதான் அதை எழுதினார்.

அந்தத் தாள் இப்போது ஜப்பானின் குன்மா மாகாண நவீன கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் தலைப்பில் ஓவியருக்குரிய சொல் எதுவும் இல்லை. ஓர் ஆசிரியர் வரவுப் பதிவேட்டின் மேலட்டையில் எழுதும் பெயர் மட்டுமே உள்ளது: யொகொகாவா தேசியப் பாடசாலை. அதற்கு முன்னால் ஓர் 'ஆ!'.